‘இன்க்ளூடிங்’ என்று எழுதினேன்

மூன்று வீடு தள்ளி இருந்தவர் மன்னார்க் கரையிலிருந்து தனியாகக் கடலுக்குப் போனார். படகு திரும்பவில்லை. வாடைக்காற்று இந்தியக் கரைப் பக்கம் இழுத்திருக்கும் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். அங்குள்ள கரையோரக் காவற்படைக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் விவரம் அனுப்பினால் தேடுவார்களாம். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அதனால் அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

நீலச் சட்டை, கட்டம் போட்ட சாரம், கழுத்தில் செபமாலை. அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். ‘அடையாளங்கள்’ என்பதற்கு அடுத்த சொல்லில் கை நின்றது. வகுப்பில் யோசிக்காமலே சொல்லிக் கொடுக்கிற விஷயம்தான். ‘நேம்லி’ என்று போட்டால் இவ்வளவுதான், வேறில்லை. ‘சச் அஸ்’ என்றால் இந்த மாதிரி என்று ஆகிவிடும். ஒரு மனிதனைத் தேட அது போதாது. ‘நேம்லி’ என்றே எழுதினேன்.

என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டாள். விளக்கினேன். திரையில் அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் கேட்டாள்.

“அப்ப சட்டை கழண்டு போயிருந்தா, அவரில்லை எண்டு விட்டிடுவினமோ, டீச்சர்?”

அதுவரை அவள் அவரை உயிரோடு இருப்பவராக மட்டுமே பேசியிருந்தாள். அந்தச் சொல்லை அழித்துவிட்டு ‘இன்க்ளூடிங்’ என்று போட்டேன். இவையும் உண்டு, இன்னும் இருக்கலாம் என்ற பொருளில்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. வணக்கம்கூட இல்லாத ஒரே வரி. வேறு அடையாளங்கள் என்னென்ன, குறிப்பாக உடம்பில்? உயிரோடு இருப்பவரிடம் பெயரைக் கேட்டாலே போதுமே.

அவளைக் கூப்பிட்டு, இன்னும் அடையாளம் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

“உடம்பிலயோ கேக்கினம்?”

“ஓம்.”

முருங்கனில் மோட்டார் சைக்கிளால் விழுந்த பிறகு இடது கால் எலும்பில் கம்பி வைத்ததைச் சொன்னாள். அதை எழுத எந்த முன்சொல்லும் தேவைப்படவில்லை.

பின்னேரம் அந்தக் கந்தோரிலிருந்து அவளுடைய தம்பிக்கு அழைப்பு வந்தது. கரையொதுங்கிய உடலில் துணி எதுவும் இருக்கவில்லையாம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது காலில் கம்பி தெரிந்ததாம்.

மன்னாருக்கு வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை. அதோடு வந்த ஆங்கிலக் கடிதத்தை நான்தான் வாசித்தேன். அடக்கத்துக்கு முன் அவள் என்னைத் தேடி வந்தாள்.

“கம்பியைக் கண்டது எண்டுதானே அவை எழுதியிருக்கினம்?”

அப்படித்தான் எழுதியிருந்தார்கள் என்றேன். அவள் திரும்பிப் போய்ப் பெட்டியின் பக்கத்தில் இருந்துகொண்டாள்.