நாகலெட்சுமியின் தோட்டமும் அண்ணன் போட்ட கையெழுத்தும்

நாகலெட்சுமி போராடிச் சேர்த்தவை இவை: நானுஓயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பின்னால், கல்லும் மானாப்புல்லுமாகக் கிடந்த நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர் நிலம். அதற்காக ஏழு தடவை ஆபீஸ் வாசலில் நின்று தோட்ட மேலாளரான தொரையிடம் பெற்ற அனுமதி. ஆறு நாள் கொழுந்து பறித்த களைப்போடு ஞாயிற்றுக்கிழமையும் வந்த இருபத்தாறு தாய்மார். எடை அட்டையில் நிறை குறைந்து செம்மஞ்சளில் கிடந்து, ஒன்றரை வருசத்தில் பச்சைக்கு ஏறிய ஒன்பது பிள்ளைகள்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் அவள். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக, கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் யோகேஸ்வரன் மட்டும் எட்டு வரை போனான்.

அந்த நிலத்தில் மரக்கறி போட்டு, ஞாயிறுதோறும் தாய்மாருக்கு அவள் நடத்திய சமையல் வகுப்புக்கு ஒரே சட்டம். பிடுங்கியதை அங்கேயே கழுவி, நறுக்கி, எல்லோர் கண் முன்னாலும் சமைத்துச் சாப்பிட வேண்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அதே மாதிரி ஆக்க வேண்டும். "சாப்புட்ட கையோட தேத்தண்ணி குடிக்காதீங்க, இரத்தம் ஊறாது" என்பாள். "தேயிலத் தோட்டத்துல இருந்துக்கிட்டுத் தேத்தண்ணியக் கொற சொல்றா பாரு" என்று வகுப்புக்கு வரும் பேச்சியம்மா கிண்டலடிப்பாள். ஆனால் அரை மணி நேரம் பொறுத்துத்தான் குடிப்பாள்.

வகுப்புக்கு வருபவர்களின் வரவுக் கொப்பி யோகேஸ்வரனிடம் இருந்தது. கோடு பிசகாமல் எழுதுவான். பெயருக்கு நேரே மற்றவர்கள் கையெழுத்துப் போட, தங்கச்சி மட்டும் பெருவிரலை அமுக்குவாள். ஆபீஸ் கடிதங்களில் அவள் பெயரை அவனே போட்டுவிடுவான். "எனக்கும் எழுதப் பழக்கி விடுங்கண்ணே" என்று அவள் கேட்டபோதெல்லாம், "நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். அதைப் பாசம் என்றே நினைத்திருந்தான்.

2024 மார்ச்சில் ஒரு மரக்கறி வியாபாரி வந்தான். விளைச்சலைக் கொடுத்தால் வகுப்புக்குப் பெரிய கேஸ் அடுப்பும் இரண்டு அண்டாவும் தருவதாகச் சொன்னான். சுகாதார அதிகாரிகள் பார்க்க வரும்போது தங்கச்சியின் வகுப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று யோகேஸ்வரனுக்கு ஆசை. அவளிடம் கேட்காமலே, வியாபாரி நீட்டிய தாளில் 'மு. நாகலெட்சுமி' என்று அழகாகப் போட்டுக் கொடுத்தான். கொஞ்சம் எடுப்பார்கள், மிச்சம் இருக்கும் என்பது அவன் கணக்கு. சனிக்கிழமை பெண்கள் மலையில் இருந்த நேரம் வேன் வந்தது. லீக்ஸ், கரட், பீட்ரூட், நோக்கோல் என்று ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போனது.

ஞாயிறு காலை கத்தியும் சட்டியுமாக வந்தவர்கள் வெறும் பாத்தியைப் பார்த்தார்கள். வியாபாரி இறக்கிவிட்டுப் போன அடுப்பு பெட்டியோடு இருந்தது. போட்டு ஆக்கத்தான் ஒன்றும் இல்லை.

"யாரு குடுத்தா?" என்றாள் பேச்சியம்மா.

நாகலெட்சுமி அண்ணனைப் பார்த்தாள். அவள் பெயரைப் போடுகிறவன் அவன் ஒருவன்தான். அவன் கொப்பியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

"ஏன்டி லெச்சுமி, ஒனக்குப் பெருவெரல்ல மை காஞ்சதே இல்ல. கையெழுத்து எப்பலேருந்து?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன். கொப்பியில் ஒரே கோட்டை மூன்று தடவை இழுத்தான்.

வேன்காரர்கள் வெட்டிப் போட்டிருந்த பீட்ரூட் இலையையும் நோக்கோல் இலையையும் அவள் குனிந்து பொறுக்கினாள்.

"மாட்டுத் தீனியவா எங்களுக்குப் போடப் போற?" என்று கேட்டு பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேருக்கு அவள் விறகடுப்பை மூட்டி, இலையைப் பொடியாக அரிந்து, நெத்தலிக் கருவாடும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினாள். இறக்கிய பிறகு புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தாள். சட்டி காலியானது. அவள் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்கள். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து விற்றுவிட்டார்கள் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. ஜூனில் நில அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பொறுப்பானவர் பெண்கள் முன்னால் ஒப்பமிட வேண்டும், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போகும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை அவள் ஒரு கொப்பியோடு அண்ணனிடம் வந்தாள். "எம்பேர எழுதிக் காட்டுங்கண்ணே. நீங்க போட்டுத் தர வேணாம்."

அவன் எழுதினான். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் அவள் அதன் மேலேயே எழுதிப் பழகினாள். முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை என்று அவனுக்குத் தோன்றியது. மறுநாள் லயத்துக் குழாயடியில், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் போனான்.

"அந்தத் தாள்ல அவ பேரப் போட்டது நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் பேச்சியம்மா. "அந்தப் புள்ளயப் பாத்து அப்படிச் சிரிச்சோமே! ஒங்களாலதாண்ணே."

அவன் தலையைத் தூக்கவில்லை. தூக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

அனுமதி புதுப்பிக்கும் நாளில் நாகலெட்சுமியோடு ஆபீசுக்கு அந்தப் பெண்கள் போனார்கள். பேச்சியம்மாதான் முன்னால் நடந்தாள். யோகேஸ்வரனை யாரும் கூப்பிடவில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். கிளார்க் மைப்பெட்டியைத் தள்ளினார். நாகலெட்சுமி அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனையைக் கேட்டாள். மெதுவாக எழுதினாள். கீழே திகதியையும் அவளே போட்டாள்: 2024 ஜூன் 12.