காபியைத் தொடாத சம்பந்தி

பன் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்து, விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டிருக்கிறார் மங்கையர்க்கரசி. ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடை. காலை ஷிப்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டது. கடைக்கார சலீமுக்கு இது பழகிப்போன காட்சி. அவர் பாட்டுக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பால் பவுடர் போட்டுக்கீறான். நக்கோ பாய், வேணாம்" என்று பாக்கெட்டைத் திரும்ப அடுக்கிவிட்டு, வழக்கமான கடலை உருண்டையோடு ஆட்டோவில் ஏறுகிறார். நேற்றும் இதே பாக்கெட்டைத்தான் படித்தார். கேட்டால், "கம்பெனிக்காரன் எப்ப மாத்துவான்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். மாத்திரை செய்யும் தொழிற்சாலையில் எடை போடும் அறை அவருடையது; பக்கத்து அறை என்னுடையது. நாள் முழுக்க அவர் அதிகம் அள்ளிப் போடுவது லாக்டோஸ் பொடி. பாலில் இருக்கும் அதே சர்க்கரைதான். மாத்திரைக்கு உருவம் வருவதற்காகச் சேர்ப்பது. அதுதான் அவர் வயிற்றில் செரிப்பதில்லை. ஒரு டம்ளர் பால் உள்ளே போனால் போதும், வயிறு உப்பி, கடமுடவென்று உருட்டி, ஓட வைத்துவிடும். "மூட்ட மூட்டயா நிறுத்துப் போடுறேன். ஒரு டம்ளர் பாலு என்னைத் தூக்கிப் போட்டுடுது பாரு" என்று முகக்கவசத்துக்குள் சிரிப்பார்.

நாற்பது வயதுவரை இதற்கு ஒரு பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. பாலை மறுத்து, புகுந்த வீட்டில் வீம்புக்காரி என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். டாக்டர் சொன்ன பிறகு தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டார். நெய் ஒன்றும் செய்யாது. நன்றாகப் புளித்த மோர் அரை டம்ளர் தாங்கும். பிரியாணியில் ஊறிய தயிர் சில நாள் சும்மா விடும், சில நாள் விடாது. ஆகவே ஷிப்ட் நாளில் பிரியாணி கிடையாது. பால் சேர்த்த உஸ்மானியா பிஸ்கட் வாசனையோடு சரி. ராகிக் களி, சோள ரொட்டி, எள்ளுப்பொடி, முள்ளோடு மெல்லும் சின்ன மீன், இதெல்லாம் எலும்புக்கு. ஊரே பால் கெட்டியான இரானி சாயில் மிதக்கும்போது இவர் கையில் மட்டும் எலுமிச்சை பிழிந்த கறுப்புத் தேநீர். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. என்ன சாப்பிடுகிறோம் என்று இவ்வளவு தெரிந்து சாப்பிடுகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பூதக்கண்ணாடியை மட்டும் யாருக்கும் தரமாட்டார். ஒருமுறை நான் கேட்டேன். "எத படிக்கணும், குடு. நான் படிச்சிச் சொல்றேன்" என்று கையை நீட்டினார்.

போன வருடம் மகன் உமேஷுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் கொண்டுவந்த காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்தவர் அதைத் தொடவே இல்லை. புது இடத்தில் வயிற்றுச் சங்கதியை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். மாப்பிள்ளையின் அம்மா காபியைத் தொடவில்லை என்றால் நம் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நீங்கள் வேண்டாம் என்பதற்குள் நாங்களே சொல்லிவிடுகிறோம் என்று மறுநாள் அவர்களிடமிருந்து தகவல் வந்தது. உமேஷுக்கோ அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஒரு மாதம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் வவுத்தால புள்ள கல்யாணம் போச்சேடி" என்று அவர் சொன்னபோது முகக்கவசத்துக்குள் சிரிப்பு இல்லை.

இந்தத் தை மாதம், நகரத்தின் மறுகோடியில் உப்பல் பகுதியில் இன்னொரு பெண். என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். மெட்ரோவிலிருந்து இறங்குமுன், "குடிச்சிடறேன். எந்த ஸ்டேஷன்ல பாத்ரூம் கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பெண்ணின் பெயர் பிந்து. அவள் நீட்டிய காபியை வாங்கி உதட்டருகே கொண்டுபோன மங்கையர்க்கரசி அப்படியே நிறுத்தினார். உமேஷ் தரையைப் பார்த்தான்.

"எனக்குப் பாலு ஒத்துக்காதும்மா. வவுறு கெட்டுடும். பொண்ணப் பிடிக்கலன்னு மட்டும் நெனச்சிடாதீங்க" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

பெண்ணின் தாய் அம்மணிக்கு மனசு கேட்கவில்லை. "சாஸ்திரத்துக்கு ஒரு வாய் குடிங்க. ஒரு வாய்க்கு என்ன ஆயிடப் போகுது?"

"அம்மா, ஆகு நுவ்வு" என்று தெலுங்கில் தாயைத் தடுத்துவிட்டு, "ஒன் மினிட் ஆண்ட்டி" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் பிந்து. திரும்பி வந்தபோது ஒரு கையில் பாலில்லாத காபி, மறு கையில் தட்டில் வைத்திருந்த பிஸ்கட்டின் காலி உறை. உட்காரச் சொன்ன நாற்காலியை விட்டு மங்கையர்க்கரசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உறையைக் கண்ணருகே வைத்து, பின்பக்கத்து எழுத்தின் அடியில் விரலை ஓட்டினாள்.

"ரொம்ப சின்னதா இருக்கு ஆண்ட்டி. தெரியல."

மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.