குப்பையில் வெந்த முட்டை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் குப்பை விஷயத்தில், மேலகரம் முதல் கடையம் வரை என் மூக்குக்கு ஈடான மூக்கு அன்று கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி. மேலகரத்து அண்ணாச்சி ஒருவரின் வெற்றிலைக் கொடிக்கால் வெளிறிக் கிடந்தது. மக்கிய குப்பையைத் துணியில் கட்டி, இரண்டு நாள் பானைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றினால் கொடி தெளியும் என்று நான்தான் சொன்னேன். யார் குப்பை நல்லதோ அவருக்கே கொடிக்கால் குத்தகை என்றார் அண்ணாச்சி. போட்டிக்கு நின்றவர் அவருடைய மச்சினர்.

வேலிக்கு வெளியே இரண்டு குவியல்கள். மச்சினருடையது கன்னங்கரேலென்று இருந்தது, என்னுடையது பழுப்பு. அண்ணாச்சியின் கண் கறுப்பிலேயே நின்றது. நான் அதில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். சுருக்கென்று மூக்கில் ஏறியது. மக்கிய குப்பை மழை நனைத்த மண்போல அல்லவா மணக்க வேண்டும்?

"அண்ணாச்சி, இது உள்ள இன்னும் கொதிக்கி. இந்தத் தண்ணிய ஊத்துனா வேரு வெந்துரும்."

"ஏலே மூணாங்கிளாஸு, குப்பைக்குக் காய்ச்சல் பாக்க வந்துட்டியோ?" என்றார் மச்சினர்.

வாயால் சொன்னால் எடுபடாது. மறுநாள் விடிந்ததும் இரண்டு குவியலிலும் ஒவ்வொரு கோழிமுட்டையைப் புதைத்தேன். சாயங்காலம் இருவரையும் நிறுத்திவைத்து உடைத்தேன். என் குப்பை முட்டை தண்ணீராக ஓடியது. மச்சினர் குப்பை முட்டை அரைவேக்காடு!

"பாத்தியளா?" என்று நிமிர்ந்தேன். அண்ணாச்சி இரண்டடி பின்னால் போயிருந்தார்.

"முட்டையா? ஏலே, கொடிக்காப் பக்கத்துலயா?"

செருப்புக்கூடப் போடாமல் கொடிக்காலுக்குள் நுழைகிற சுத்த சைவக்காரர். என் புத்தி வேகத்தில் அதை மறந்துபோனேன்.

"தீட்டாக்கிட்டான் அத்தான், வெரட்டுங்க!" மச்சினர் குதித்தார்.

அண்ணாச்சி குனிந்தார். மச்சினர் குவியலில், முட்டை படாத பக்கமாக, கையை முழங்கை வரை விட்டார். "ஸ்ஸ்" என்று உருவி ஊதிக்கொண்டார்.

"ஏலே, அருவியில தலை முழுகிட்டு வா. வந்து ஒங் குப்பையவே, முட்டை படாத பக்கமா அள்ளி ஊறப்போடு. குத்தகை ஒனக்குத்தான்."

பங்குனி மாதம். குற்றால அருவி நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி நனைத்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. குத்தகைக்காரன் குளியல் என்றால் சும்மாவா?