ஏறினாலும் லூமுட், இறங்கினாலும் லூமுட்

“பச்சயத் தட்டுங்கண்ணே. அது மஞ்சளு. மஞ்சளும் பச்சயும் ஒன்னா? இப்படித்தான் டிராபிக் லைட்லயும் போறீங்களா?”

கேட்பவர் புஷ்பலதா அக்கா. வாய்தான் இப்படிக் கேட்கிறது. முகம் முழுக்கச் சிரிப்பு. தோளில் குறுக்காக ஒரு நீலப் பட்டை, அதில் மலாயில் ‘உதவத் தயார்’ என்று எழுதியிருக்கிறது. பட்டை தோளில் இருக்கும்வரை சிரித்தே ஆகவேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. எதிரே பில் கட்டும் மிசின். அதன் முன்னால் வியர்த்துப்போய் நிற்கும் அண்ணன், “வேணாம்மா, நான் கவுண்டர்லயே கட்டிக்கிறேன்” என்று தோல்வியை ஒப்புக்கொள்கிறார்.

அக்கா பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். பக்கக் கதவைத் திறந்து, சுற்றிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறார். சிரிப்பு ஆணியிலேயே தங்கிவிட்டது. “அடுத்து!” என்று ஒரு சத்தம். வரிசையில் அந்த அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார்.

ஈப்போவில் சிலிபினை ஒட்டியிருக்கும் தண்ணீர்க் கட்டண அலுவலகம் இது. அரசாங்க இலாகாவாக இருந்தபோது நான்கு கவுண்டர், நான்கு பேர். இலாகா கம்பெனியானது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒருவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். ஒருவரை ஜெலாப்பாங் கிடங்குக்குக் குழாய் எண்ண அனுப்பினார்கள். இன்னொருவரை எங்கே அனுப்பினோம் என்று மேலிடத்துக்கே நினைவில்லை. மிஞ்சிய புஷ்பலதா அக்காவை அழைத்து, “இனி நீங்கள் வாடிக்கையாளர் மகிழ்ச்சித் தூதர்” என்றார்கள். அப்போ கவுண்டர் யாரு என்று அக்கா கேட்க, அதுவும் நீங்கள்தான் என்றார்களாம். சம்பளம் மட்டும் ஒருவருக்குத்தான்.

தூதராவதற்கு ஹோட்டலில் ஒருநாள் பயிற்சி வேறு. பேனாவைக் குறுக்கே பல்லில் கடிக்கவைத்துச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். “சிரிப்பு வரலண்ணே. பேனா நல்லாருந்திச்சு, வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்” என்று என்னிடம் சொன்னார். அவர் கழிப்பறைக்குப் போனால் கவுண்டரும் மூடிவிடும், மகிழ்ச்சியும் மூடிவிடும். அந்த நேரத்தில் வருகிறவர்களிடம் ஜாகா மாயாண்டி, “அக்கா மீட்டிங்ல இருக்காங்க” என்பார். வாசலில் காவலிருக்கும் இந்த மாயாண்டியும் முன்பு இலாகாவின் ஆள்தான். இப்போது யாரோ ஒரு குத்தகைக்காரரின் ஆள். நாற்காலி பழசு, தொப்பி புதுசு, வருடாந்திர லீவு பாதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தில் நூற்றுக்கு எண்பது பேர் மிசினில் கட்டிவிட்டால், இந்த அலுவலகம் தேவையில்லை என்று மூடிவிடுவார்கள். அக்காவுக்குத் தொலைவில் இருக்கும் லூமுட் கிளைக்கு மாற்றல். அறுபதுக்குக் கீழே போனாலோ, தூதர் சரியில்லை என்று அதே லூமுட். “ஏறுனாலும் லூமுட், எறங்குனாலும் லூமுட். என்னா கணக்குலா இது?” என்கிறார் அக்கா. வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு. என்னிடம் சொன்னார், நான் பத்திரிகையில் எழுதுகிறேன். என் நாக்கின் லட்சணம் தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

லூமுட்டில் என்ன கெட்டுப்போயிற்று, கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது என்று கேட்பீர்கள். கெட்டுப்போவது சிலிபினில். அக்காவின் கணவர் பழனியப்பனுக்குச் சீனி வியாதி. காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஆனாலும் மனைவி தலை மறைந்தால் அவர் கால் தானாக இனிப்பைத் தேடிப் போகும். அதனால் மதியம் ஒரு மணி அடித்ததும் அக்கா அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, கப்சாய் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பறப்பார். கணவருக்குச் சோறு போட்டு, வாயை மோந்து பார்த்து, சட்டைப்பையைத் துழாவிவிட்டுத் திரும்புவார். லூமுட்டிலிருந்து மதியம் வந்துபோக முடியுமா? “சண்ட போடுறதுக்காச்சும் அந்த மனுசன் முழுசா இருக்கணும்லண்ணே. எனக்குப் பயமா இருக்கு” என்று ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாக்கிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆகவே அக்கா எண்ணிக்கையை நடுவிலேயே ஓட்டிவந்தார். காலையில் வருகிறவர்களைச் சிரித்தபடி மிசினுக்குத் தள்ளுவார். மதியத்துக்குமேல், “மிசினு இன்னிக்கி மூட் சரியில்ல” என்று கவுண்டருக்கு இழுப்பார். மாதம் முடியும்போது எழுபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த வித்தையை எந்த ஹோட்டலிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன மாதம் இதைக் கெடுத்தவர் மாயாண்டி. வட்டார அதிகாரி சிவநேசன் அலுவலகத்துக்கு வந்தபோது, வாசலில் நின்று மேலிடத்துக்குப் போன் பேசினார். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், நல்ல பிள்ளை, மேலிடம் என்றால் தொடை நடுங்கும். எண்பது வந்துவிடும் என்று சொல்லி, “அங்கா நாய்க், அங்கா நாய்க்” என்றாராம். எண்ணிக்கை ஏறுகிறது என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். தொப்பிக்குள்ளிருந்த மாயாண்டியின் காதில் அது ‘பங்காட் நாய்க்’ என்று விழுந்தது. அப்படியென்றால் பதவி உயர்வு. அன்று சாயங்காலமே சாப்பாட்டுக் கடையில் செய்தி பரவிவிட்டது: மிசின் எண்பதைத் தொட்டால் நம்ம புஷ்பாக்காவுக்குப் பதவி உயர்வு.

சிலிபின்காரர்களைக் குறைசொல்ல மாட்டேன். தண்ணீர் வெட்டப்பட்ட வீடு எதுவானாலும் அக்கா மேலிடத்துக்குப் போன் போட்டுக் கத்து கத்தென்று கத்தி, குழாயில் தண்ணீர் வரவைத்துவிட்டுத்தான் ஓய்வார். பிறகு அந்த வீட்டுக்காரருக்கும் தனியாகத் திட்டு உண்டு. அந்த நன்றி எல்லார் மனசிலும் கிடந்தது. மாதக் கடைசி நாளன்று மதியம் அது மொத்தமாகக் கிளம்பி வந்தது.

நானும் வரிசையில் நின்றேன். முன்னால் பக்கத்துச் சந்துச் செல்லாயி, கையில் ஒரு கத்தை பில்லோடு. “எங்க லோரோங் முழுக்க இன்னிக்கி மிசின்லதான்க்கா கட்டுறோம். நீங்க சும்மா நில்லுங்க!”

“மிசினு சரியில்ல செல்லாயி, கவுண்டருக்கு வா” என்றார் அக்கா காதோடு.

“எங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா” என்று செல்லாயி கண்ணடித்தார். மிசின் சமர்த்தாக ஒவ்வொரு பில்லாக விழுங்கியது. பக்கத்தில் சிவநேசன் கைக்கணினியைப் பார்த்தபடி, “எழுபத்தெட்டு அக்கா! என்ன சனம், என்ன சனம்!” என்று பூரித்துப்போய் நின்றார். அவர் முன்னால் அக்காவால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, பட்டையைக் கழற்றவும் முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கட்டாமல் வரிசையை விட்டு விலகி, மிசின் பக்கமாக ஒதுங்கினேன்.

“எழுபத்தொன்பதும் தாண்டிட்டுது! இன்னும் ஒரேயொரு ஆள் கட்டினால் போதும். லூமுட்டில நல்ல கடற்காற்று, அக்கா” என்று சிவநேசன் குரலைத் தாழ்த்தினார்.

அப்போதுதான் பழனியப்பன் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோலோடு சேர்த்துப் பிடித்த வீட்டுப் பில். இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய, ரோசாப்பூ நிறத்துச் சிராப் பண்டோங் பானம். உறிஞ்சுகுழல் வாயில் இருந்தது. கூட்டம் கைதட்டி அவரை மிசினுக்கு முன்னால் விட்டது.

“ஒனக்காகத்தான் வந்தேன் புஷ்பா. நம்ம பில்ல நானே கட்டி முடிச்சு வைக்கிறேன்” என்றார். உதடெல்லாம் ரோசா நிறம்.

“கையில என்னா?”

“செல்லாயி வாங்கிக் குடுத்திச்சு. ஒன் பதவி உயர்வுக்கு.”

அக்கா பையைப் பிடுங்கினார். அவர் விடவில்லை, அந்த மனிதருக்கு அவ்வளவு பலம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இழுத்த இழுப்பில் முடிச்சு அவிழ்ந்து, பாலும் சீனிப்பாகும் ஐஸ்கட்டியுமாக அத்தனையும் மிசின் தலையில் கொட்டியது.

“ஐயோ, துடையுங்கோ அக்கா, துடையுங்கோ! உள்ளுக்குப் போயிடப் போகுது!” என்று பதறிய சிவநேசன் தன்னுடைய வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார்.

அக்கா அதை வாங்கி நாலாக மடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலப் பதமாக, மேலிருந்து கீழாக, பணம் போடும் ஓட்டைப் பக்கமாகவே துடைத்தார்.