முதலாளிக்கு வந்த அனுதாபங்கள்

"பிள்ளை, இண்டையோட கொமென்ட் பகுதியைப் பூட்டுவம்" என்றார் எங்கள் ஆசிரியர். முகத்தில் ஈயாடவில்லை.

அது சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். வவுனியாவில் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் செய்தித்தளம் நடந்தது. வாசகர்கள் எழுதும் கொமென்டுகளைப் படித்து அப்ரூவ் பண்ணுவது என் வேலை. எங்களுக்கிருந்த ஒரே விளம்பரம் ஓர் அரிசி ஆலை முதலாளியுடையது. அன்று அவருடைய பேட்டியைப் போட்டிருந்தோம். நெல் விலை விழுந்துவிட்டது, விவசாயிகளுக்காக நட்டப்பட்டுத்தான் வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தார்.

கிளிநொச்சி இன்டர்நெற் கஃபேயிலிருந்து முரசுமோட்டைக்கார விவசாயி ஒருவர் முதலில் எழுதினார். "ஐயா, நீங்கள் எங்களுக்காக நட்டப்படுறதை வாசிச்சுப்போட்டு வீட்டில ஒருத்தரும் சாப்பிடேல்லை. இந்தமுறை எங்கட நெல்லைத் தந்து உங்களை வருத்தமாட்டம்."

பின்னால் உருத்திரபுரத்துக்காரர் வந்தார். "நாங்களும் தரமாட்டம் ஐயா. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ." பூநகரியிலிருந்து ஓர் அம்மா: "ஐயாவுக்காகக் கோயிலில நேத்தி வைச்சிருக்கிறன். லொறி அனுப்பிக் கரைச்சல்படாதையுங்கோ."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நேரில் நக்கல் அடிக்கும்போது குரலை இழுப்போம், கடைக்கண்ணால் பார்ப்போம். கொமென்டில் குரலும் இல்லை, கண்ணும் இல்லை. அதற்குப் பதிலாக இவர்கள் மரியாதையைக் கூட்டினார்கள். என்ன கெட்டித்தனம்! விளைந்த நெல்லை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற சனம் இது. அந்த நிலையிலும் இப்படி எழுத வந்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏன் பூட்டவேணும் சேர்? ஒரு கெட்ட சொல்லும் இல்லையே" என்று ஆசிரியரைக் கேட்டேன்.

"விளம்பரம் போனா உம்மட சம்பளமும் போகும், என்ர சம்பளமும் போகும்."

அந்த நேரம் பார்த்து முதலாளியே ஆசிரியருக்குப் போன் எடுத்தார். ஆசிரியர் எழும்பி நின்று கதைத்தார்.

"ஒண்டையும் அழிக்காதையுங்கோ! சனத்துக்கு என்னில இவ்வளவு பாசமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் முதலாளி. ஆசிரியர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அந்த வாரமே முதலாளியின் லொறி கிளிநொச்சியிலிருந்து வெறுமையாகத் திரும்பியது. போன வீடெல்லாம் டிரைவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஐயாவைச் சுகம் விசாரித்து, நெல் மட்டும் தரவில்லையாம். திரையில் எழுதியதைச் சனம் அப்படியே செய்து காட்டிவிட்டது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: திட்டுகிற கொமென்டை ஒருதரம் வாசித்தால் போதும். விலைச் செய்திக்குக் கீழே நன்றியும் கவலையும் வந்தால் இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆலையில் அரைக்க நெல் இல்லாமல் போனபிறகு முதலாளி மறுபடி எங்களுக்குப் போன் எடுத்தார். இந்தமுறை நான்தான் கதைத்தேன். அவர் குரலில் அந்தப் பாசம் இல்லை.

"தங்கச்சி, விலையைக் கூட்டிட்டன் எண்டு போடுங்கோ. எனக்கு ஒரு நட்டமும் இல்லை, அதையும் போடுங்கோ."

போட்டேன். கொஞ்ச நேரத்தில் முரசுமோட்டைக்காரரின் கொமென்ட் வந்தது.

"அப்பாடா! இனித்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். லொறியை அனுப்புங்கோ ஐயா."