சேவல் மாதத்துக் கோடு

"மோக் யுக்-சிம். பெண். வயது நாற்பத்தாறு. பதவி: தகவல் பிரிவு உதவி எழுத்தர், இரண்டாம் நிலை. பணிகள்: செய்தித்தாள் நறுக்கி ஒட்டுதல், நகல் எடுத்தல், கோப்புகளை அடுக்குதல். பங்குச் சந்தை பற்றிக் கருத்துக் கூறும் அதிகாரம்: இல்லை."

ஹாங்காங்கின் ஷியூங் வான் பகுதியில், உலர்மீன் கடைகளுக்கு மேலே ஏழாவது மாடியில் இருந்த யிப் பங்குத் தரகு நிறுவனத்தின் ஊழியர் பதிவேடு இப்படித்தான் சொன்னது. பெயரும் வயதும் சரி. மற்றதெல்லாம் பதிவேட்டை எழுதியவரின் கற்பனை வளம்.

அவளுடைய பதவியின் பழைய பெயர் நூலகர். ஆனால் எங்கள் பேச்சில் புத்தகம் என்கிற சொல்லுக்கும் தோற்பது என்கிற சொல்லுக்கும் ஒரே ஓசை. பெயரிலேயே புத்தகம் இருந்த பஞ்சாங்கத்தையும் அதனால்தான் 'எல்லாம் வெற்றி' என்று கூப்பிடுகிறோம். அப்படியிருக்க, பிறர் பணத்தை வைத்துப் பிழைக்கிற இடத்தில் தினமும் "தோல்வி அறைக்குப் போய் வருகிறேன்" என்று யார் சொல்லிக்கொண்டிருப்பது? நூலகம் தகவல் பிரிவாயிற்று. நூலகர் இரண்டாம் நிலை எழுத்தர் ஆனாள். சம்பளத்தில் மாற்றம் இல்லை.

ஒவ்வொரு சந்திரப் புத்தாண்டுக்கும் யிப் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குப் பதினாறு பக்கச் சிறு மலர் ஒன்றை அனுப்பும். அட்டையில், 'மாஸ்டர் சிம் கணித்த சந்தைப் பாதை' என்று தங்க எழுத்து. நடுப்பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கும் சந்தை எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று காட்டும் ஒற்றைக் கோடு. மாஸ்டர் சிம்முக்கு வெள்ளைத் தாடி, மலையடிவாரத்தில் வீடு, வயது தொண்ணூறு என்பது வாடிக்கையாளர்களின் முடிவு. நிறுவனம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. மாஸ்டரிடம் பேச வேண்டும் என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது தொலைபேசியில் கெஞ்சுவார்கள்.

"மாஸ்டர் தியானத்துல இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு யுக்-சிம் நகல் இயந்திரத்தில் சிக்கிய தாளை உருவப் போவாள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஆய்வுப் பிரிவின் புத்தாண்டு அறிக்கையில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப யுக்-சிம் விளையாட்டாகப் போட்ட கோடு அது. மறுவருடம் அறிக்கையை யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் விளையாடவில்லை. சீன ஜோதிடப்படி ஆண்டுக்குரிய இரண்டு எழுத்துகள், மாதத்துக்குரிய இரண்டு, அவற்றில் மரம் எவ்வளவு, உலோகம் எவ்வளவு, நீர் எதை வளர்க்கிறது, நெருப்பு எதை உருக்குகிறது என்று கட்டம் கட்டி, மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். உலோகம் வங்கி, மண் நிலபுலம், நீர் கப்பல் என்று துறைகளையும் பிரித்து எழுதுவாள்.

இத்தனைக்கும் அவள் பெயரில் ஒரு பங்குகூடக் கிடையாது. சேமிப்பு முழுவதும் வங்கியில் நிரந்தர வைப்பில் தூங்கியது. எந்த ஃபெங் சுயி நிபுணரும் உட்காராதே என்று சொல்லுகிற இடத்தில், உத்தரத்துக்கு நேர் கீழே, கழிப்பறைக் கதவுக்கு எதிரே அவள் மேசை. "இதையெல்லாம் நீ நம்புறியா அக்கா?" என்று வரவேற்பில் இருக்கும் ஃபூன் ஒருமுறை கேட்டாள்.

"நம்புறதுக்கு நான் என்ன வாடிக்கையாளரா? நான் கணக்குப் போடுறவ."

பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுகளில், சேவல் ஆண்டுக்கான மலரில் வில்லங்கம் வந்தது. முதலாளி யிப் கிங்-தோங் தம் நிறுவனத்தையே பங்குச் சந்தையில் பட்டியலிட முடிவு செய்து, செப்டம்பரில் நாளும் குறித்துவிட்டார். மாதங்களுக்கும் அதே விலங்குகள்தான்; செப்டம்பர் சேவல் மாதம். யுக்-சிம்மின் கோடு அந்த மாதத்தில்தான் மாடிப்படியில் வழுக்கியவனைப் போலக் கீழே போயிருந்தது. மலர் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

அது டிராகன்களின் அறை. மேசையில் ஒன்று, சுவரில் இரண்டு, இடுப்பு வாரின் கொக்கியில் ஒன்று. முதலாளி டிராகன் ஆண்டில் பிறந்தவர் என்பதை அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்காரரும் அறிவார்.

"ஆ-சிம், உட்காரு. டீ குடிக்கிறியா? இந்தச் செப்டம்பரைக் கொஞ்சம் தூக்கிப் போடு. ஒரு விரல் அகலம் போதும்."

"தூக்க முடியாதுங்க முதலாளி. இந்த வருஷம் மரம் உலோகத்து மேல உட்கார்ந்திருக்கு. செப்டம்பர்ல உலோகம் ரெண்டு மடங்காகுது. வெட்டு விழும்."

"யாருக்கு வெட்டு? டிராகனுக்கும் சேவலுக்கும் பொருத்தம்னா பொருத்தம், அப்படியொரு பொருத்தம். என் பெண்டாட்டி சேவல். முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

யுக்-சிம் டீயைப் பார்த்தாள். பட்டியலிடும் விண்ணப்பத்துக்காக முதலாளியின் அடையாள அட்டையை அவள்தான் நகல் எடுத்திருந்தாள். அதில் கண்ட பிறந்த தேதி அன்று முதல் அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

"முதலாளி, தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க டிராகன் இல்லீங்க."

"என்னது?"

"முயல்."

அறையிலிருந்த டிராகன்கள் எல்லாம் அவளையே பார்ப்பது போலிருந்தது.

"எங்கம்மா பொய் சொன்னாளா?"

"அம்மா புத்தாண்டுலேர்ந்து எண்ணியிருக்காங்க. நீங்க புத்தாண்டுக்கு ஆறாம் நாள் பொறந்தவரு. ஜாதகத்துல வருஷம் மாறுறது புத்தாண்டன்னிக்கு இல்லீங்க, வசந்தம் தொடங்குற நாளன்னிக்கு. அந்த வருஷம் அது நீங்க பொறந்து நாலு நாள் கழிச்சு வந்துது. அதுவரைக்கும் முந்தின முயல் வருஷந்தான்."

"நாலுன்னு என் ரூம்ல சொல்லாதே! சாவுன்னு கேக்குது!"

"சரிங்க. மூணும் ஒண்ணும்."

"அம்பத்து மூணு வருஷமா நான் டிராகன்! டிராகன்னு சொல்லித்தான் பொண்ணு கட்டினேன், டிராகன்னு சொல்லித்தான் கடன் வாங்கினேன்!"

"வாங்கினதெல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்குங்க."

"முயலுக்குச் சேவல் நேர் எதிரி, சேவல் வருஷம்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என்னை பயமுறுத்தப் பாக்குறியா? கோட்டைத் தூக்கு. இல்லேன்னா இந்த வருஷம் புத்தகமே கிடையாது!"

சொன்ன பிறகுதான் தம் வாயிலிருந்து எந்தச் சொல் விழுந்தது என்பது அவருக்கே கேட்டது. பட்டியலிடும் ஆண்டில், சொந்த அறையில், சொந்தக் குரலில், தோல்வி. "பெரும் மங்களம்! பெரும் மங்களம்!" என்று தோஷம் கழிய மேசையைத் தட்டினார். யுக்-சிம்மும் மரியாதைக்கு இரண்டு முறை சொல்லிவைத்தாள்.

சத்தம் கேட்டு ஆய்வுப் பிரிவின் தலைவன் செல்வின் துங் எட்டிப் பார்த்தான். அமெரிக்காவில் படித்தவன், மாஸ்டர் சிம்மைக் கேலி செய்வதே அவனுடைய மதிய உணவு.

"செல்வின், நீயாவது சொல்லு. ஒரு விரல் தூக்கினா என்ன கெட்டுப் போகும்?"

"ஒண்ணும் கெட்டுப் போகாது பாஸ். ஆனா முதலாளிக்காகக் கோட்டை வளைச்சா அது ஜோசியம் இல்லை. அதுக்குத்தான் எங்க பிரிவு இருக்கு."

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. யுக்-சிம் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அந்தக் கோட்டைத் தவிர அந்த ஏழாவது மாடியில் அவளுடையது என்று ஒன்றும் இல்லை. உத்தரத்துக்குக் கீழிருந்த நாற்காலிகூட நிறுவனத்துடையதுதான்.

"முதலாளி, மலர் உங்களது. கோட்டை எங்க வேணும்னாலும் வரையச் சொல்லுங்க. அட்டையில இருக்கிற பேரை மட்டும் எடுத்துடுங்க."

"மாஸ்டர் பேர் இல்லாம யார் பிரிச்சுப் பார்ப்பான்?"

"அது தெரியாதுங்க. ஆனா அந்தப் பேர்ல பாதி என்னோடது."

யிப் கிங்-தோங் வாரின் கொக்கியைத் தடவினார். "அப்படியே அடி. குறிச்ச தேதியையும் நான் மாத்த மாட்டேன். டிராகன்னா என்னன்னு செப்டம்பர்ல காட்டுறேன்" என்றார்.

மலர் அப்படியே அச்சாயிற்று. புத்தாண்டன்று எல்லோருக்கும் கிடைத்த, பணம் வைத்த சிவப்பு உறைகளில் அவளுடையது மட்டும் வெகு மெலிவு. "காத்துல பறந்துடப் போவுது, பிடிச்சுக்கோ அக்கா" என்றாள் ஃபூன்.

செப்டம்பர் வந்தது. பட்டியலிட்ட நாளன்று வறுத்த முழுப் பன்றியை வெட்டக் கத்தியை உயர்த்திய முதலாளியின் கைபேசிக் கயிற்றில் பச்சைக் கல்லில் செதுக்கிய சின்ன நாய் ஒன்று ஆடியது. அன்று அதைக் கண்டது யுக்-சிம் மட்டும்தான். முயலுக்கு நாய் துணை. டிராகனுக்கோ நாய் ஆகவே ஆகாது. உண்மையான டிராகன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காது. அவள் பன்றித்தோலை மொறுமொறுவென்று மென்றாள்.

யிப் நிறுவனத்தின் பங்கு முதல் நாளே ஏறியது. அந்த மாதம் சந்தையும் ஏறியது. மாடிப்படியில் வழுக்கியவன் விழவே இல்லை.

"முயலாம் முயல்!" என்று முதலாளி தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே போனார். நாய் சட்டைப் பைக்குள் இருந்தது.

அடுத்த மலருக்கான வேலை தொடங்கியபோது, நாயைத் தானும் பார்த்துவிட்டிருந்த ஃபூன் ஓடிவந்தாள். "அக்கா, இது போதுமே! பரிகாரம் பண்ணினதால வெட்டு விலகிப் போச்சுன்னு எழுதிடு. யார் கேக்கப் போறா? மாஸ்டர் பேரும் நிக்கும்."

"அந்த நாய் முதலாளியோட பாக்கெட்டைக் காவல் காக்கலாம். ஹாங்காங் சந்தை முழுக்கவா காவல் காக்கும்? நான் கோடு போட்டது சந்தைக்குடி, நாய்க்கு இல்லை."

"அப்ப என்னதான் எழுதுவே?"

யுக்-சிம் பழைய கட்டங்களை எடுத்து மூன்று முறை சரிபார்த்தாள். கூட்டலில் பிழை இல்லை. விதியிலும் பிழை இல்லை. சந்தை ஏறியிருந்தது, அவ்வளவுதான். புதிய மலரின் முதல் பக்கத்தில், முதலாளியின் வாழ்த்துக்கும் மேலே, எழுதினாள்: "சென்ற ஆண்டு செப்டம்பரில் சந்தை இறங்கும் என்றேன். ஏறியது. என் கணிப்பு தவறு. மாஸ்டர் சிம்."

அச்சகத்துக்குப் போகும் முன் செல்வின் அதைப் படித்தான். "சிம் அக்கா, என் பிரிவுல பதினாலு பேர் இருக்கோம். இப்படி ஒரு வரி நாங்க ஒருத்தரும் எழுதினதில்லை."

"உங்களுக்கு எழுத எடம் பத்தாது தம்பி. எனக்கு ஒரு மாசந்தானே தப்பு."

மோக் யுக்-சிம் முதலாளி கேட்டும் தன் கோட்டை ஒரு விரல் அகலம்கூட உயர்த்தவில்லை. அது பொய்த்தபோது, பொய்த்தது என்று தன் கையால் எழுதி, மூவாயிரத்து எண்ணூறு வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பினாள்.