கத்தரி வாத்தியார் போட்ட அரையாண்டு மார்க்

என் அக்காவைக் கட்டியவருக்குப் பள்ளிக்கூடத்தில் கத்தரி என்று பெயர். மேல் வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியார். மார்க்கை வெட்டுவதில் அப்படி ஒரு கறார். விடை சரியாக இருக்கும். அலகு எழுதவில்லை என்று அரை மார்க் போகும். நடுவில் ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தால் ஒரு மார்க் போகும். படம் கோணல், அடித்து எழுதியிருக்கிறாய், ஓரம் விடவில்லை என்று அவருக்கு ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். நானும் அவரிடம் படித்தவன்தான். அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளையான வருஷம் நான் பத்தாவது. மச்சினன் என்று கொஞ்சமாவது கை இளகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாங்குவதிலும் குறைத்துத்தான் போட்டார். அக்கா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அதற்கும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வெட்டெல்லாம் அரையாண்டுத் தேர்வில்தான். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்த அவரை வேறு ஊருக்கு அனுப்பினால் அங்கே அவர் நியாயமாகத்தான் போடுவார். அரையாண்டு என்றால் மட்டும் ஆளே மாறிவிடுவார். கேட்டால் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

“மாப்ளே, அரையாண்டு மார்க்கை யார் கேக்கப் போறாங்க? அது எனக்கும் பிள்ளைங்களுக்கும் நடுவுல இருக்கிற சமாச்சாரம். வயித்துல புளியைக் கரைச்சாத்தான் கடைசி மூணு மாசம் உட்கார்ந்து படிக்கும்.”

“சரி மாமா, நல்லாப் படிக்கிற பிள்ளையை எதுக்கு அதிகமா வெட்டுறீங்க?”

“சுமாராப் படிக்கிறவனை வெட்டினா புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஓடிடுவான். தாங்குற பிள்ளையைத்தான் வெட்டணும்.”

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற என்னால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பலித்தும் வந்தது. அரையாண்டில் அவரைக் கரித்துக்கொட்டிய அப்பா அம்மாக்கள், பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று வீட்டு வாசலில் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வருஷா வருஷம் இதே கூத்துதான். அவருடைய வெட்டு ஊருக்கே பழகிப்போயிருந்தது.

தையற்காரரின் மகள் பன்னிரண்டாவதில் அவரிடம் படித்தாள். என் வேனில் முன் சீட்டு அவளுடையது. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டு வருவாள், அவர்களாகவே எழுந்துவிடுவார்கள். வழியில் ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்கள் மட்டும் எழும்பி நின்றன. அந்த இடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

“அண்ணா, அந்த நடுத்தூண் மட்டும் ஏன் அவ்வளவு பெருசா இருக்கு தெரியுமா?”

“சிமென்ட் மிச்சம் ஆகியிருக்கும்.”

“போங்கண்ணா,” என்று சலித்துக்கொண்டு, அது எவ்வளவு எடை தாங்கும், தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளும் என்று பள்ளிக்கூடம் வரை விளக்குவாள். எனக்குப் பாதி புரியாது. அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான்: அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து பாலம் கட்டப் படிக்க வேண்டும். தனியார் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட அவள் அப்பாவால் ஆகாது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கக் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். இது அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும், என் மாமாவுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் அரையாண்டில் அவளுக்கு அவர் போட்டது அறுபத்தொன்று.

அன்றைக்குச் சாயங்காலம் பாலம் வந்தது, போனது, அவள் தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துத் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே மாமாவைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், உள்ளதைச் சொல்லுங்க. என் பிள்ளைக்குக் கணக்கு வருமா? வராதுன்னா இப்பவே மெஷின்ல உட்கார வெச்சுடுறேன். அவளும் ஏமாற வேணாம், நானும் ஏமாற வேணாம்.”

“பொதுத்தேர்வு வரட்டும், பாருங்க,” என்றார் மாமா. உள்ளே போய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் மனசுக்குள் அவளுக்கு அப்போதே நூறு போட்டுவிட்டார். அதை வாய் திறந்து சொல்ல மட்டும் அவருக்கு வரவில்லை.

பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது நோய் பரவுகிறது என்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கொஞ்ச நாள் என்றார்கள். வேனைக் கொட்டகையில் விட்டுவிட்டு நானும் வீட்டோடு முடங்கினேன். மாமா கூடத்துச் சுவரில் கரும்பலகையை மாட்டி, செல்போன் முன்னால் நின்று பாடம் நடத்தினார். எதிரே முகம் தெரியாமல் அவருக்குப் பேச வரவில்லை. “புரியுதா? புரியுதா?” என்று போனையே கேட்டுக்கொண்டிருப்பார். பாதிப் பிள்ளைகள் வரவே இல்லை. தையற்காரர் வீட்டில் இருந்ததே ஒரு போன். அதில்தான் அவருக்கு ஆர்டர் வர வேண்டும். ஒரே அறை, இரண்டு மெஷின். தைக்கிற சத்தத்துக்கு நடுவில் அவள் காதைப் பொத்திக்கொண்டு படித்தாள். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது. அவர் தைப்பது பள்ளிச் சீருடை. பள்ளிக்கூடமே இல்லை என்றால் சீருடை யாருக்கு? தைத்து முடித்த சட்டைகள் வாங்க ஆளில்லாமல் கொடியில் தொங்கின.

தேர்வு அட்டவணையை அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் முதல் பாடத்திலிருந்து திருப்பத் தொடங்கின. கடைசியில் ஒருநாள் தேர்வே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் பையன்கள் விசிலடித்தார்கள். மாமா தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அடுத்து வந்த வரியைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அரையாண்டில் வாங்கிய மார்க்கே இறுதி மார்க்.

“யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனைச்சேனேடா,” என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனோம். அவர் கதவைப் பாதி திறந்தபடி பேசினார். “மார்க்கெல்லாம் அப்பவே ஏத்தி அனுப்பியாச்சு சார். கீழே உங்க கையெழுத்துதான் இருக்கு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அத்தனை பேருக்கும் வாரி வழங்கியிருக்காங்க. நாமதான் நேர்மைன்னு இருந்துட்டோம்.” இதை நேர்மை என்று சொன்னதுதான் மாமாவைக் கொன்றுவிட்டது. பள்ளிக்கூடத்துச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து, அலமாரியிலிருந்த விடைத்தாள் கட்டை எடுத்து, வகுப்பு முழுவதுக்கும் புதிதாகத் திருத்தினார். நான் பெஞ்சில் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பில் வெட்டியிருந்ததையெல்லாம் பச்சையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனார். தையற்காரர் மகளின் தாள் வந்ததும் வெகுநேரம் அதையே வைத்துக்கொண்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்று நாலு வந்தது.

“இதுல முப்பத்து மூணு மார்க்கை எப்படி மாமா வெட்டினீங்க?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குக் கூடத் திறமை வேண்டும் என்றேன். அவர் அடுத்த தாளை எடுத்தார்.

கல்வி அலுவலகத்தில் நாற்காலியெல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதிகாரி கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“எல்லா வாத்தியாரும் இப்ப இதே கட்டைத் தூக்கிட்டுத்தான் வர்றாங்க. அன்னைக்குப் போட்டது பொய்யா, இன்னைக்குப் போடுறது பொய்யா?”

“அன்னைக்குப் போட்டதுதான் சார் பொய்.”

“தெரிஞ்சே போட்டீங்களா?”

“தெரிஞ்சேதான் போட்டேன்.”

“அப்படின்னா அதை எழுதிக் கொடுங்க.”

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை உதறிவிட்டு, அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் மார்க் மாறும் என்று நம்பினார். அத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன், குழந்தை மாதிரி நம்பினார். அதிகாரி படித்துவிட்டு மடித்து வைத்தார். “உங்க மேல நடவடிக்கை வரும். மார்க் மாறாது. திருப்தி இல்லாத பிள்ளைங்க பின்னால தனியாத் தேர்வு எழுதிக்கலாம்.”

அந்தத் தனித் தேர்வுக்குத் தேதி வந்தது. வருவதற்குள் கல்லூரிகளில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் எங்கள் வேனிலேயே ஏறி, இவளிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு வந்த ஒரு பையனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன்மேல் தப்பில்லை. இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தையற்காரரிடம் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. அவர் அதற்குள் தையலை விட்டு மெஷின்களையும் விற்றுவிட்டார்.

மாமா அவளைப் போய்ப் பார்க்கவில்லை. போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். சம்பள உயர்வை நிறுத்தி அவருக்கு உத்தரவு வந்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு நன்றாக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்கா அடுக்களையில் நின்று அழுதாள்.

பள்ளிக்கூடம் திறப்பதாக இல்லை. வேன் முதலாளி எத்தனை நாள்தான் பொறுப்பார்? வண்டியை ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு விட்டுவிட்டார். பள்ளியின் பெயரை அழித்து மேலே வெள்ளையடித்தோம். காலையில் பெண்களை ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. முதல் நாள் நாலாவது நிறுத்தத்தில் கையில் சாப்பாட்டு டப்பாவோடு தையற்காரர் மகள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“வண்டி மாறலையாண்ணா?”

“ஆளும் மாறலை. ஏறும்மா.”

முன் சீட்டில் உட்கார்ந்தாள். கம்பெனியில் அவளுக்குச் சரிபார்க்கிற வேலை. தைத்து வருகிற உருப்படியில் கோணல் இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவரும் அந்த நிறுத்தத்துக்கு வந்து நின்றார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, சன்னல் வழியாக அந்த விடைத்தாளை நீட்டினார். அவள் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“உட்காரும்மா. இதுதான் உன் மார்க். முன்னால போட்டது உன் மார்க் இல்லை.”

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பின்னால் பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“சார், இங்க அலகு எழுதலையே. இதுக்கு வெட்டலையா?”

“வேணாம்மா.”

“பொதுத்தேர்வுல வெட்டுவாங்கன்னு சொன்னீங்களே.”

மாமா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்து, மேலே எழுதியிருந்த பச்சை எண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே சார்,” என்றாள். “எனக்குக் கணக்கு வராதுன்னுதான் இத்தனை நாளும் நெனைச்சுட்டு இருந்தேன். அப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சேன்.”

தாளை நாலாக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். “நீங்களே வெச்சுக்குங்க சார். கம்பெனிக்குள்ள பேப்பர் எதுவும் கொண்டுபோக விடமாட்டாங்க.”

நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், மாமா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பாலத்தை இப்போது திறந்துவிட்டார்கள், கம்பெனிக்கு அதன் மேலேதான் போக வேண்டும். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பாலம் தாண்டி வெகுதூரம் போகும்வரை திறக்கவில்லை.